மூன்று தங்கக் குற்றிகள்

நித்தியானந்தன் அண்ணைக்கு நான் அறுநூறு யூரோ கடன். வங்கியில் வாங்கின காசுச் சுருள்களைப் பிரித்துத் தேடியபோது கிடைத்தவை என்று, தங்கமாய் மின்னின மூன்று இரண்டு யூரோ நாணயக் குற்றிகளை அந்த விலைக்குக் கடனாய்த் தந்தவர். அபூர்வக் காசு சேகரிக்கிறவர்கள் மூன்றுக்கும் ஆயிரம் யூரோ குடுப்பினம் என்றார். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுற எனக்கு ஆசை விடவில்லை.

இன்று காசு கேட்டு வாசலில் நின்றார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. குற்றியள் இப்ப என்னட்டை இல்லை.”

“வித்துப்போட்டியோ? அப்ப எடு காசை!”

“விக்கேல்லை. கள்ளக்காசோ எண்டு பயந்து பொலிசிலை குடுத்திட்டன். ஆர் தந்தது எண்டு கேக்கிறாங்கள்.”

அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

“பேர் சொன்னனியோ?”

“இன்னும் இல்லை. நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறாங்கள். பயமாக் கிடக்கு.”

அவர் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

“தம்பி, தங்கம் பூசினது நான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. நீ எனக்கு ஒரு சதமும் தரவேண்டாம்.”