டவரைத் தொடாத டார்ச்

கடை அலமாரியில் நீள டார்ச்சும் குட்டி டார்ச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யார் டார்ச் கேட்டாலும் கடைக்காரர் வாசலுக்கு வந்து, தூரத்து செல்போன் டவர்மேல் அடித்துக் காட்டுவார். நீள டார்ச்சின் வெளிச்சம் டவர் உச்சியில் பொட்டு வைத்ததுபோல் விழும். குட்டியின் வெளிச்சம் அகலமாக விரிந்து தெருவோடு நின்றுவிடும்.

“கொஞ்சம் குவிச்சு அடிக்கப் பழகு. இல்லாட்டி இங்கேயே தூசி பிடிச்சுக் கிடப்பே,” என்றது நீள டார்ச்.

“கிடந்துட்டுப் போறேன். குவிக்க மாட்டேன்,” என்றது குட்டி.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் செண்பகவல்லி டார்ச் வாங்க வந்தாள். கடைக்காரர் வழக்கம்போல டவரைக் காட்டினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டையும் கையில் வாங்கி, மேஜைக்கடியில் குனிந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். நீள டார்ச்சில் ஒற்றைச் செருப்பு தெரிந்தது. குட்டியில் செருப்பும் தெரிந்தது, அதற்கு ஒரு சாண் தள்ளி நின்ற தேளும் தெரிந்தது.

குட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

“இப்பவும் உன்னால டவரைத் தொட முடியாது,” என்றது நீள டார்ச்.

“முடியாதுதான்,” என்றது குட்டி. “டவர்ல யாரு பூப் பறிக்கிறா?”