ஸ்டெப்னிக் குழி

மெக்கானிக்கின் அக்கா புருஷன் தன் காரை மூன்றாவது முறையாக அவனிடம் கொண்டுவந்து நிறுத்தினார். மழையே இல்லாத நாளிலும் டிக்கியில் தண்ணீர் புகுந்து, ஸ்டெப்னி கிடக்கும் குழி நிரம்பிவிடுகிறது. ரப்பர் பட்டையை மாற்றியாயிற்று. பின்விளக்கைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தாயிற்று. போன தடவை வெறுத்துப்போய், குழியின் அடிமூடியையே பிடுங்கி எறிந்திருந்தான். ஓட்டை வழியே தரை தெரிந்தது. அப்படியும் குழி நிறையத் தண்ணீர், அதில் பாசி வாடை வேறு.

"வேலை தெரிஞ்சாத்தானே மாப்ள," என்றார் அவர். "டார்ச்சக் குடு. நான் உள்ள படுத்துப் பாக்குறேன், நீ வெளியிலேருந்து தண்ணி அடி."

அக்கா ஏரியில் மூழ்கியபோது கரையில் இருந்தவர் இவர் ஒருவர்தான். அவள் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை என்று போலீஸிடம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். தம்பிக்காரன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அவர் டிக்கிக்குள் ஏறிப் படுத்ததும், அதை மூடிவிட்டு ஹோஸைத் திருப்பினான்.

"வருது மாப்ள. போதும், நிறுத்து."

நிறுத்தினான். ஹோஸ் கையில் துவண்டு தொங்கியது.

"நிறுத்துன்னு சொன்னேன்ல. கழுத்து வரைக்கும் வந்துருச்சுடா."

மெக்கானிக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தான். மூடி பிடுங்கிய ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்கு நேர்கீழே சிமெண்ட் காய்ந்து கிடந்தது.

உள்ளே இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம். பூட்டை நோக்கிப் போன கையை அவன் திரும்ப எடுத்துக்கொண்டான். ஹோஸைப் பொறுமையாகச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

"என்ன மாமா சொல்றீங்க?" என்றான். "ஒண்ணுமே கேக்கலையே."