ஆறு மணிக்கு வரவேண்டிய குளிர்

வானிலை அறிக்கையில் ஐந்து சென்டிமீட்டர் பனி என்று எழுதியிருந்தான்.

ஜன்னலுக்கு வெளியே அவன் கார் தெரியவில்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு.

புயல் கரையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும் என்று ஒரு கணினிக் கணிப்பு சொன்னது. கரையை ஒட்டி வரும் என்று இன்னொன்று சொன்னது. அவன் முதலாவதை நம்பினான். மழையும் பனியுமாகக் கொஞ்சம் பெய்துவிட்டு ஓயும் என்ற அறிக்கையின் கீழே அவன் பெயர் இருந்தது.

நாற்பத்தாறு சென்டிமீட்டர் பெய்தது. ஈரப் பனி, கல் போலக் கனம். மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்தன.

வானிலை அலுவலகத்தில் ஜெனரேட்டர் ஓடியது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, துறைமுக ஊரில், அவன் வீட்டில் நேற்று மாலையிலிருந்து மின்சாரம் இல்லை. போவதற்குச் சாலையும் இல்லை.

வீட்டில் யாரும் இல்லை.

ஃப்ரீஸரில் ஒரு டப்பா இருந்தது.

மூடியில் ஒட்டிய காகித நாடாவில் அவன் மனைவியின் கையெழுத்து. மாவு, மே 9.

மே 12 அன்று அவள் இறந்தாள்.

ஒன்பது மாதமாக அந்த ஃப்ரீஸரில் அவன் வேறு எதையும் வைக்கவில்லை.

அவள் மாவைக் கையால்தான் கலக்குவாள். கரண்டி போட விடமாட்டாள். கை பட்டால்தான் பொங்கும் என்பாள். அது கையில் இருக்கிற கிருமி என்பான். சரி, என் கிருமிதான், இருந்துட்டுப் போகட்டும் என்பாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. ஐந்து என்றுதானே சொன்னீர்கள் என்று ஒருவர் கத்தினார். அவருடைய பால் லாரி பள்ளத்தில் கிடந்தது. மன்னியுங்கள் என்றான். காலையிலிருந்து பதினோராவது தடவை.

அதை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்காவை அழைத்தான். புதுக்கோட்டைக்காரர். அவன் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது.

"அக்கா, எங்க ஃப்ரீஸர்ல ஒரு டப்பா இருக்கு. எடுத்துப் பின்வாசல்கிட்ட பனியில புதைச்சு வெச்சிருங்க."

"என்ன டப்பா?"

"தோசை மாவு."

"மாவையா? பனியிலயா?"

"ஆமாக்கா. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருங்குளிர் வந்துரும். மைனஸ் இருபது. அதுவரைக்கும் தாங்குனா போதும்."

"நீ சொன்னா வருமா தம்பி?"

சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அவர் கைபேசியில் சார்ஜ் தீர்ந்தது.

வெளியே பூஜ்ஜியத்துக்கு மேல் ஒரு டிகிரி. ஈரப் பனிக்குள் டப்பா மெல்லத்தான் இளகும். ஆறு மணிவரை தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தான். தாங்கும்.

வரைபடத்தில் ஆர்க்டிக் காற்று ஊதா நிறத்தில் வடக்கே காத்திருந்தது. புயல் நகர்ந்தால் அது இறங்கும்.

புயல் நகரவில்லை.

ஆறு மணி. ஒரு டிகிரி.

அறிக்கையைத் திருத்தினான். குளிர் எட்டு மணிக்கு.

எட்டு மணி. ஒரு டிகிரி.

மேசையைக் குத்தினான். பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. பத்து மணி என்று எழுதினான்.

மின்சாரம் வரும்வரை குளிர் வரக்கூடாது என்று ஊரே வேண்டிக்கொண்டிருந்திருக்கும்.

விடியும்போதுதான் வந்தது. மைனஸ் இருபது என்று எழுதியிருந்தான். இருபத்துமூன்று.

பனி வாரும் வண்டியின் பின்னாலேயே காரில் ஊர்ந்து ஊருக்குப் போனான். கையுறைகள் அலுவலக மேசையில் கிடந்தன.

பின்வாசலில் மண்டியிட்டுத் தோண்டினான். மேல் பனி பாளமாக இறுகியிருந்தது. குதிகாலால் உடைத்தான். கதவின் இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. படிக்கு அடியிலும் இல்லை. விரல்கள் சிவந்தன. பிறகு வெளுத்தன. பிறகு வேறு யாருடையவோ போல ஆயின.

"அங்க என்னத்தத் தோண்டுற?"

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, போர்வையும் குல்லாவுமாக.

"மாவு உள்ள இருக்கு. வா."

அக்கா வீட்டுக் கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் துண்டு சுற்றிய டப்பா. மூடி ஒரு பக்கம் தூக்கி நின்றது.

"பாதி இளகிருச்சு, அதைப் போயி பனியில வைக்கச் சொல்ற. வானிலையும் பாக்கத் தெரியல, மாவும் பாக்கத் தெரியல. ஒரு தடவ கைய விட்டுக் கலக்கி இங்க வெச்சேன். பாரு, எப்படிப் பொங்கியிருக்குன்னு."

அவன் அக்காவின் கையைப் பார்த்தான்.

கத்தத் தோன்றியது.

காகித நாடா ஈரத்தில் கழன்று தரையில் சுருண்டு கிடந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை.

அக்கா அடுப்பைப் பற்றவைத்துக் கல்லை ஏற்றினார். கரண்டியைக் கழுவி நீட்டினார்.

"நீயே ஊத்துறியா?"

கரண்டியை வாங்கவில்லை.

மூடியை எடுத்தான். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன.

மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டான்.

"அடப்பாவி, கை கழுவலியே" என்றார் அக்கா.

மாவு வெதுவெதுப்பாக இருந்தது.