சுவரில் ஒரு மஞ்சள்

மெரியானா கேமராவைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். திரை முழுக்கக் கருநீலம்.

கண்ணாடி நீலம். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு அதைவிட நீலம். தரையைக் காட்டினால் பலகைக்குப் பலகை ஒரு நீலக் கோடு.

கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த மகள் ஹினாவைத் திரும்பிப் பார்த்தாள். "நாம வீட்டுலயா இருக்கோம்? சல்லடையில இருக்கோம்டி."

இரண்டு வயது ஹினா ரொட்டியை நீட்டினாள்.

சூட்டை மஞ்சளாகவும் குளிரை நீலமாகவும் காட்டும் அந்தக் கேமரா நூலகத்துடையது. டனீடன் ஊரில் ஜூலைக் குளிர்காலம் பிறந்தால் கதைப் புத்தகங்களைவிட அதற்குத்தான் கிராக்கி. பெயர் கொடுத்துக் காத்துக் கிடந்து, இன்றைக்குத்தான் அவள் முறை வந்தது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாம் ஹினாவின் நெஞ்சுக்காக. போன மாதம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். படுக்கிற அறை சூடாக இல்லையென்றால் திரும்பவும் இங்கேதான் வருவீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஊரில் தெற்கேயிருந்து வருவது தென்றல் அல்ல. தென்துருவத்துப் பனியைத் தடவிக்கொண்டு வரும் காற்று அது. நூறு வயதான மரவீட்டில் அதற்கு வாசலே தேவையில்லை.

முழு வீட்டையும் அடைக்க மெரியானாவின் சம்பளம் போதாது. இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கிடங்கில் பேரம் பேசி, குளிரைத் தடுக்கும் நுரை அட்டை ஒரு கட்டு வாங்கி வந்திருந்தாள். ஒரே ஒரு சுவருக்குத்தான் காணும்.

எந்தச் சுவர் என்பதை அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

ஒரே வீட்டை நடுவில் பிரித்து இரண்டு குடித்தனமாக்கியிருந்தார்கள். ஹினாவின் கட்டில் ஒட்டிக் கிடப்பது அந்த நடுச்சுவரில். அதற்கு அந்தப் பக்கம் டூகல் இருந்தார், தனி ஆள். குழந்தை ராத்திரி இருமினால் சுவரில் டம்டம்மென்று இடிக்கிற மனுஷன். வேலியோரம் பார்த்தாலும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். ஹினா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு இடிப்பது நின்றிருந்தது. இருமலும் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பழைய கோபம் ஆறவில்லை. அங்கே அட்டை அடித்தால் குளிருக்கும் ஆச்சு, அந்த ஆளுக்கும் ஆச்சு.

ஒப்புக்குத்தான் கேமராவை அந்தச் சுவர்மேல் திருப்பினாள்.

மஞ்சள்.

சுற்றிலும் நீலம் கிடக்க, நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு.

கேமரா கெட்டுவிட்டதா? டீக்கோப்பையைக் காட்டினாள். மஞ்சள். ஹினாவைக் காட்டினாள். கன்னம் மஞ்சள், மூக்கு நுனி மட்டும் பச்சை. மறுபடி சுவர். மஞ்சள்தான்.

கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அங்கே புகைபோக்கி கிடையாது, வெந்நீர்க் குழாய் கிடையாது. பின்னே என்ன? உள்ளே ஒயர் கியர் தீய்ந்துகொண்டிருந்தால்? ஹினாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேமராவும் கையுமாகப் பக்கத்து வாசலுக்கு ஓடினாள்.

டூகல் கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர். பேசுவதற்கு முன்னாலேயே வாயிலிருந்து ஆவி வந்தது.

"என்ன, ரேடியோ சத்தமா இருக்குன்னு சொல்ல வந்தியா?"

"இல்லீங்க, நம்ம நடுச்சுவரு சுடுது. தீ கீ பிடிச்சிருக்கப் போகுது, ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் பிடிக்கல. நீ போ."

கதவைச் சாத்தப் போனார். மெரியானா அதற்குள் அவர் தோளுக்கு மேலாகக் கேமராவை உயர்த்திவிட்டாள்.

திரையில் அறை முழுக்க அதே கருநீலம். சாய்வு நாற்காலி நீலம், அதன்மேல் மடித்துப் போட்ட போர்வை நீலம். ஒரே ஒரு இடம் மட்டும் பளீரென்று எரிந்தது. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள்.

ஒரு சின்ன ஹீட்டர். நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல் சுவரைப் பார்த்து நின்றது.

டூகல் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பிள்ள இருமுனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார், சண்டைக்கு வருகிறவர் போல. "என் தூக்கத்துக்காக வச்சிருக்கேன். ஒனக்கென்ன?"

மெரியானா பார்வையைத் தாழ்த்தினாள். இறக்கிய கேமரா கதவைப் பிடித்திருந்த அவர் விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு ஜன்னலின் நிறம்.

ஹினாவை அவர் கையில் திணித்தாள். அவர் பதறி வாங்கிக்கொண்டார். இவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், நுரை அட்டைக் கட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து அவர் அறையில் இறக்கினாள்.

"ஒங்க வெளிச்சுவரை அடைச்சுட்டா இந்த ஒரு ஹீட்டரே மூணு பேருக்கும் காணும். அளக்குற டேப்பு எங்க இருக்கு?"

ஹினா தின்றது போக மிச்சமிருந்த ரொட்டியை டூகலின் மப்ளருக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"மேசை டிராயர்ல" என்றார் கடைசியில். "கோணலா வெட்டித் தொலைக்காத."