எட்டு சிலிண்டர் மேல் ஒரு டீ கிளாஸ்

பந்தல்குடி ரோட்டோரப் பட்டறையில், கட்டில் அகலப் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பழைய அமெரிக்க கார் நிற்கிறது. உச்சி வெயில் குரோமியப் பட்டையில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. இஞ்சினைத் தூக்கச் சங்கிலி மாட்டியாகிவிட்டது. பெட்ரோல் மைலேஜ் கட்டுப்படியாகவில்லை என்று, இதைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் வைக்கச் சொல்லியிருக்கிறார் கார்க்காரர் ஐயாத்துரை. மெக்கானிக் செல்லப்பாண்டிக்கு மனசே இல்லை. “கடைசியா ஒருதரம் ஓடட்டும் அண்ணாச்சி” என்று சாவியைத் திருகுகிறார். “ஓட்டு, ஓட்டு. அப்படியே ஒப்பாரியும் வச்சிரு” என்கிறார் ஐயாத்துரை. நாலு நாலாக இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும் எட்டு சிலிண்டர்களும் ஒன்றின் உதறலை ஒன்று வாங்கிக்கொள்கின்றன. நூல் மில்லில் நைட் ஷிப்டு பார்த்துச் சலித்து, இந்தப் பட்டறைக்கு வேலைக்கு ஓடிவந்தவன் நான். இயந்திரம் என்றால் எனக்கு இரைச்சல். இது மூச்சு மட்டும் விடுகிறது. செல்லப்பாண்டி, ஐயாத்துரை கையிலிருந்த டீ கிளாஸை வாங்கி, ஓடுகிற இஞ்சின் மேல் வைக்கிறார். டீயில் படிந்த ஆடைகூடக் கலையவில்லை. ரோட்டில் லோடு லாரி ஒன்று போகிறது. பட்டறைத் தகரமெல்லாம் அதிர்கிறது. “அந்தா போகுதுல்ல, அதுதான் நீங்க கேட்ட டீசலு” என்கிறார் செல்லப்பாண்டி. ஐயாத்துரை கிளாஸையே பார்க்கிறார். பிறகு எடுத்து, ஒரே மடக்கில் குடிக்கிறார். “சங்கிலியக் கழட்டுலே. வண்டியத் திருவிழாவுக்கு மட்டும் எடுத்துக்கிறேன்.”