மாமனாரின் கால்கள்

அலுவலகத்தில் ஒழுங்கைப் பற்றி வாரம் தவறாமல் வகுப்பெடுக்கும் மேலாளர், ரயில் நிலையத்தை மூன்று முறை சுற்றியும் இடம் கிடைக்காமல், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் காரைச் சொருகினார்.

காவலாளி ஓடி வந்தார். "சார், இது நடக்க முடியாதவங்களுக்கு!"

"என் மாமனார் வர்றாருப்பா. ரெண்டு காலும் சுத்தமா முடியாது."

காவலாளியின் முகம் இளகிவிட்டது. "அடடா, தெரியாம கத்திட்டேன். இருங்க, சக்கர நாற்காலி கொண்டு வர்றேன்."

"அதெல்லாம் வேணாம். நானே தூக்கிக்குவேன்."

"நல்லாயிருக்கே! மாப்பிள்ளை தூக்கினா மாமனாருக்குக் கூச்சமா இருக்காதா?" என்றவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைமேடைக்கே வந்துவிட்டார்.

ரயில் வந்தது. அது முழுதாக நிற்பதற்குள், கைக்கொரு பெட்டியோடு குதித்து இறங்கிய பெரியவர், "மாப்பிள்ளை!" என்று விறுவிறுவென நடந்து வந்தார்.

காவலாளிக்கு வாய் பிளந்துவிட்டது. "ஐயா, நடக்க முடியாதவங்க இடத்துல காரை விட்டிருக்காரு. உங்களுக்கு எப்பலேருந்து கால் முடியாது?"

மாமனார் நாற்காலியைப் பார்த்தார். வியர்த்து வழியும் மாப்பிள்ளையைப் பார்த்தார். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை காரை நிறுத்தினாரே, அப்பலேருந்துதாம்பா."

"அப்போ தள்ளுங்க சார்," என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார் காவலாளி.

அந்த நீண்ட நடைமேடை முழுக்க நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன மேலாளர், தலை நிமிரவே இல்லை.