ஊதா மஞ்சளாகும் வரை

மைசூரில் ரூபா வேலை பார்க்கும் பால் பரிசோதனைக் கூடத்துக்கு, வண்டிக்காரர் சேகரன் அன்று கேன் மாதிரிகளோடு ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்தார்.

"மேடம், இது என் சம்சாரத்தோட பாலுங்க. பிரசவத்துல காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டாங்க. மருந்து பாலுல எறங்கியிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

"இது மாட்டுப்பால் டெஸ்ட்டுண்ணா. டாக்டரைக் கேட்டீங்களா?"

"கொடுக்கலாம்னுதான் சொன்னாருங்க. அவதான் ஒத்துக்க மாட்டேங்கறா."

ரூபா பாலைக் குழாயில் விட்டுச் சூட்டில் வைத்தாள். பாலில் மருந்து இருந்தால் குழாயிலுள்ள கிருமி வளராது. ஊதா நிறம் அப்படியே நிற்கும்; இல்லையென்றால் மஞ்சளாகும். அன்று ஊதாதான். மறுநாள் அவர் கொண்டுவந்த பாலிலும் ஊதா.

மூன்றாம் நாள் பாலில் குழாய் மஞ்சளானது. சேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி தாராளமா கொடுக்கச் சொல்லுங்கண்ணா" என்ற ரூபா, தான் பின்னிய கம்பளிக் குல்லாவை நீட்டினாள். "உங்க பாப்பாவுக்கு."

அவர் அதை வாங்கி விரலால் தடவினார்.

"எங்க பாப்பா பொறந்த அன்னிக்கே போயிருச்சுங்க மேடம். பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ளை, பெத்தவ இல்லாம அழுதுட்டே கெடக்குது. ஊரான் புள்ளைக்கு நம்மளால ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான் அவ பயந்தா. இந்தக் குல்லாவையும் அதுக்கே போட்டுடறேங்க."